காந்தி போடாத அணுகுண்டு

எங்கள் அலுவலகத்தில் கல்லூரி முடித்து வரும் புதியவர்களுக்கு வருடா வருடம் ஒரு வாரம் வகுப்பு எடுப்பேன். அதில் "இன்டீஜர் ஓவர்ஃப்ளோ" பற்றிச் சொல்லும் நாளில் எல்லோரும் தூங்கி வழிவார்கள். அவர்களை எழுப்ப என்னிடம் ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேலை செய்யும் கதை. போன வருடம் அந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள்.

"சார், அந்தக் கோடை யாராவது பார்த்திருக்காங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று எனக்கே உறைத்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை

1991ல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் "சிவிலைசேஷன்" என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் சிட் மெயர். கி.மு. 4000ல் ஒரு சிறு குடியிருப்பில் ஆரம்பித்து, விண்வெளிக்குக் கப்பல் அனுப்பும் வரை ஒரு நாகரிகத்தை நீங்கள் நடத்திச் செல்ல வேண்டும். போட்டிக்குக் கம்ப்யூட்டர் நடத்தும் மற்ற நாகரிகங்கள் வரும். மங்கோலியர்களுக்கு செங்கிஸ்கான், கிரேக்கர்களுக்கு அலெக்சாண்டர், ரஷ்யர்களுக்கு ஸ்டாலின், இந்தியர்களுக்கு நம்ம காந்தி.

கதை என்னவென்றால், ஒவ்வொரு தலைவருக்கும் எவ்வளவு ஆக்ரோஷம் என்று ஒரு எண் உண்டு. காந்தி ஆச்சே, அவருக்கு மிகக் குறைந்த எண், 1. ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் அதன் ஆக்ரோஷத்தில் 2 குறையும். 1லிருந்து 2 போனால் மைனஸ் 1. ஆனால் அந்த எண்ணை வைத்திருந்த இடம் எட்டு பிட், அதுவும் மைனஸே தெரியாத "அன்சைன்டு" வகை. அதனால் மைனஸ் 1 என்பது 255 ஆகிவிட்டது. உலகத்திலேயே சாதுவான மனிதர் ஒரே நொடியில் உலகத்திலேயே பயங்கரமான ஆள் ஆகி, எல்லோர் தலையிலும் அணுகுண்டு போட ஆரம்பித்துவிட்டார்.

புரியாதவர்களுக்கு: பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99999க்கு அப்புறம் 00000 வரும் இல்லையா? அதே மீட்டரை 00000லிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால் சுற்றினால் 99999 வரும். எட்டு பிட் மீட்டரில் 99999க்குப் பதில் 255. அவ்வளவுதான் விஷயம்.

பிரமாதமான கதை, இல்லையா? ஒரு வரி கோட், ஒரு மகாத்மா, ஒரு அணுகுண்டு. கேட்டவன் மறக்கவே மாட்டான். ஒரே ஒரு குறை, இது நடக்கவே இல்லை.

சொன்னவர்களே மறுத்த கதை

2020ல் சிட் மெயர் தன் வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பிழை இருக்கவில்லை என்று எழுதிவிட்டார். அவர் சொல்லும் காரணம் நம்மைப் போன்ற ஆட்களுக்கு உடனே புரியும். சி மொழியில் "அன்சைன்டு" என்று நீங்களாக எழுதாத வரை ஒரு இன்டீஜர் மைனஸைத் தாங்கும் வகைதான். அதில் 1லிருந்து 2 கழித்தால் மைனஸ் 1 தான் வரும். 255 வராது.

இரண்டாம் பாகமான "சிவிலைசேஷன் 2"ன் முதன்மை வடிவமைப்பாளர் பிரையன் ரெனால்ட்ஸ். முதல் ஆட்டத்தின் கோடை அறிந்தவர். அவர் சொன்னது இன்னும் எளிமை. அந்த ஆட்டத்தில் ஆக்ரோஷத்துக்கு மொத்தமே மூன்று நிலைகள்தான். காந்தி கடைசி நிலையில் இருந்தார், ஆனால் தனியாக இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலைவர்கள் அதே நிலையில்தான் இருந்தார்கள்.

இதை ஒரு நிமிடம் யோசிச்சுப் பாருங்க. கதையில் வரும் பிழை உண்மை என்றால், காந்தியோடு அதே நிலையில் இருந்த மற்ற அத்தனை பேரும் ஜனநாயகம் வந்ததும் பேய் பிடித்து ஆடியிருக்க வேண்டும். அப்படி யாரைப் பற்றியும் கதை இல்லையே! நான் இருபது வருடமாக மற்றவர்கள் கோடில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். இந்த ஓட்டை என் கண்ணில் படவே இல்லை.

அப்போ கதை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் வரிசை தலைகீழாகிறது.

ஐந்தாம் பாகம் 2010ல் வந்தது. அதன் முதன்மை வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், தலைவர்களின் குணங்களுக்கு 10 வரை மதிப்பெண் வைத்தார். அதில் அணு ஆயுத விருப்பத்துக்கு காந்திக்கு அவர் கொடுத்தது 12. பத்துக்குப் பன்னிரண்டு! பிழை எதுவும் இல்லை, வேண்டுமென்றே செய்த குறும்பு. ஆட்டத்துக்கு ஆட்டம் இந்த எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும். 12 என்று வைத்துவிட்டால் எவ்வளவு இறங்கினாலும் காந்தி உச்சத்திலேயே இருப்பார்.

ஆடியவர்கள் கவனித்தார்கள். "காந்தி ஏன் இப்படிப் பண்றார்?" என்று கேள்வி வந்தது. 2012ல், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய "டிவி ட்ரோப்ஸ்" தளத்தில், புனைபெயர் கொண்ட ஒருவர் இதற்குக் காரணம் முதல் ஆட்டத்தில் இருந்த பிழை என்று ஒரு குறிப்பு எழுதினார். தேடியவர்களுக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவு இதுதான். ஆட்டம் வந்தது 1991ல், பிழை பற்றிய பேச்சு 2012ல். நடுவில் 21 வருடம்! அங்கிருந்து ரசிகர்களின் விக்கிக்குப் போனது. 2014ல் செய்தித் தளங்களும் எடுத்துப் போட்டன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஆதாரம் காட்ட, அவரை மூன்றாமவர் ஆதாரம் காட்ட, சில வருடங்களில் "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்" ஆகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்ன அதே பதில்.

உச்சகட்டம் 2016ல். ஆறாம் பாகத்தில் காந்தியின் மறைமுகக் கொள்கையாக, அணு ஆயுதங்கள்மேல் மோகம் என்பதைப் பெரும்பாலான ஆட்டங்களில் வரும்படி நிறுவனமே வைத்துவிட்டது. நடக்காத பிழைக்கு நினைவுச்சின்னம். இப்போது ஒரு சிறுவன் அந்த ஆட்டத்தை ஆடி, "காந்தி குண்டு போட்டாரே, நானே பார்த்தேன்" என்றால் அவன் சொல்வது உண்மைதான்.

என் ஞாபகம்

இனி எனக்குச் சங்கடமான பகுதி.

நான் இந்தக் கதையை இவ்வளவு உறுதியாக நம்பியதற்குக் காரணம் இணையம் மட்டும் இல்லை. நானே பார்த்தேன் என்று நம்பியதுதான். தொண்ணூறுகளில் பொறியியல் படித்தபோது, கல்லூரி லேபில் யாரோ பிளாப்பியில் கொண்டுவந்த முதல் ஆட்டத்தை ஆடியிருக்கிறோம். திரையில் காந்தி முகம், கீழே அணு ஆயுத மிரட்டல், சுற்றி நின்று நாங்கள் சிரித்தது என்று எல்லாமே தெளிவாக ஞாபகம் இருந்தது.

இதில் மிரட்டல் உண்மையாக இருக்கலாம். அந்த ஆட்டத்தில் யாராவது ஒருவர் மன்ஹாட்டன் திட்டத்தைக் கட்டி முடித்துவிட்டால், தேவையான அறிவியல் எட்டிய எல்லா நாடுகளும் அணுகுண்டு செய்யலாம். வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பேச்சுவார்த்தையில் அதைச் சொல்லிக் காட்டும் வசனம் ஒன்று வரும். லிங்கன் சொன்னாலும் அதே வசனம், காந்தி சொன்னாலும் அதே வசனம். லிங்கன் சொன்னதை நாம் ஞாபகம் வைப்பதில்லை. காந்தி சொன்னால் முப்பது வருடம் ஆனாலும் மறப்பதில்லை.

ஆனால் குண்டு போட்டது? ஜனநாயகத்துக்கு மாறியதும் அவர் குணம் மாறியது? அதையும் "பார்த்ததாக" வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எப்படிப் பார்த்திருக்க முடியும்? 2014 வாக்கில் எங்கோ படித்ததை எடுத்து, தொண்ணூறுகளின் லேபுக்குள் நானே ஒட்டவைத்திருக்கிறேன். ஒட்டிய இடம்கூடத் தெரியவில்லை. இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். 1998 மே 11 அன்று பொக்ரானில் குண்டு வெடித்தபோது நான் கடைசி வருடம். ராமேஸ்வரத்துக்காரர் கலாம், சென்னையில் பிறந்த சிதம்பரம் என்று பேப்பரில் நம்ம ஊர் ஆட்கள் படம். ஹாஸ்டலில் வேறு பேச்சே இல்லை. காந்தி தேசம் அணுகுண்டு போட்டது என்ற முரண் அப்போதே எங்கள் தலையில் இருந்தது. விளையாட்டுக் கதை வந்து உட்கார நாற்காலி ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

நிஜமான காந்தி அணுகுண்டைப் பற்றி 1946 ஜூலையில் "ஹரிஜன்" இதழில் எழுதியிருக்கிறார். வன்முறையை எதிர்வன்முறையால் அழிக்க முடியாதது போல, குண்டை எதிர்க்குண்டால் அழிக்க முடியாது என்பதுதான் சாரம். இதை நான் படித்தது, இந்தப் பொய்க்கதையைத் தேடப் போனபோதுதான். பொய்க்கதையைப் பத்து வருடம் சொன்னவன் மூலத்தை ஒரு நாளும் புரட்டவில்லை.

சரி, இனி வகுப்பில் என்ன சொல்வது?

உண்மையான உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. 1980ல் வந்த பேக்மேன் விளையாட்டில் நிலை எண்ணை எட்டு பிட்டில்தான் வைத்திருந்தார்கள். 256வது நிலையில் திரையின் வலது பாதி முழுக்கக் குப்பையாகிவிடும், தாண்டவே முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், தன் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 நொடிக்குள் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணித்தபோது அது கொள்ளவில்லை. முந்தைய ஏரியன் 4க்காக எழுதிய கோட் அது. அந்த ராக்கெட்டில் எண் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. "முன்னாடி வேலை செஞ்சதே" என்ற நம்பிக்கைதான் ராக்கெட்டை விழவைத்தது. என் கதையும் அப்படித்தான். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வேலை செய்தது, அதனால் நான் சோதிக்கவில்லை.

இந்த வருடம் ஏரியனை முதலில் சொன்னேன். பிறகு காந்தி கதையைப் பழைய மாதிரியே சொல்லி, எல்லோரும் சிரித்து முடித்ததும், "இதில் எது பொய்?" என்று கேட்டேன். பத்து நிமிடம் நல்ல சண்டை நடந்தது. யாரும் தூங்கவில்லை.

போன வருடம் கை தூக்கிய பெண் இப்போது வேறு டீமில் இருக்கிறாள். கேன்டீனில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். "அப்பவே கூகுள் பண்ணிட்டேன் சார், நீங்க சந்தோஷமா சொல்லிட்டு இருந்தீங்க, அதான் விட்டுட்டேன்" என்றாள்.