ஊர்வாயும் பெண்ணும்: அலர் பற்றிய ஒரு நோக்கு

‘ஊர்வாயை மூட உலைமூடி இல்லை’ என்பது முதுமொழி. விடியற்பொழுதில் மணமேல்குடிக் கடற்கரையில் நின்றவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மீன்கூடை நிறையுமுன்னரே செய்திக்கூடை நிறைந்துவிடும்.

இவ்வழக்கு நெடும்பழமை உடையது. வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியப் பேசுவதை அலர் என்றும் பழந்தமிழர் பிரித்தனர். அரும்பும் மலரும் போன்ற நிலைகள் இவை. கௌவை என்பதும் இதன் பெயரே. வள்ளுவர் புறங்கூறாமையை 19ஆம் அதிகாரமாக இல்லறவியலுள் வைத்தார். அலரறிவுறுத்தலை 115ஆம் அதிகாரமாகக் காமத்துப்பாலில் வைத்தார். முன்னது பேசுவோரின் அறத்தை நோக்குவது. பின்னது பேசப்படுவோரின் நெஞ்சை நோக்குவது.

அகநானூற்றின் 70ஆம் பாட்டு நெய்தல் நிலத்தது. மிகுதியாகக் கிடைத்த மீனைப் பரதவர் பகிர்ந்தளிக்கும் ஊர் அது. அங்கே எழுந்த அலர், மணம் உறுதியானதும் ஓய்ந்தது. தொன்முதுகோடியில் இராமன் மறை ஆய்ந்தபோது புள்ளொலி அடங்கிய ஆலமரத்தை அதற்கு உவமையாக்கினார் புலவர். மணம் கூடாதிருந்தால் அவள் நிலை என்ன? இற்செறிப்பே விடை.

இனி, 36ஆம் பாட்டைக் காண்போம். பரத்தையோடு வையையில் ஆடிய தலைவனைப் பற்றிய அலர், தலையாலங்கானத்தில் எழுவரை வென்ற நெடுஞ்செழியனின் படை எழுப்பிய ஆர்ப்பினும் பெரிதென்கிறார் மதுரை நக்கீரர். அவ்வளவு பெரிய அலரும் அத்தலைவனை வீட்டுக்குள் அடைக்கவில்லை. அவன் வாயிலில் வந்து நிற்கிறான். கடிந்த சொல்லை ஏற்பதோடு அவன் தண்டனை முடிகிறது. ஒரே ஊர்வாய், ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு ஒரு நீதியும் வழங்கிற்று. தொல்காப்பியரோ, அம்பலுக்கும் அலருக்கும் முதல்வன் தலைவனே எனக் களவியலில் விதித்தார். பொறுப்பு அவனுக்கு, சிறை அவளுக்கு!

இது பழங்கதையன்று. சில ஆண்டுகளில் என் வகுப்பில் ஓர் இருக்கை திடீரென வெறுமையாகும். வினவினால், “ஊர் ஒரு மாதிரியாகப் பேசுகிறது, அம்மா” என்பார் தந்தை. அவர் கொடியவர் அல்லர்; அஞ்சியவர். அந்த அச்சத்தில் ஒரு பெண்ணின் பட்டப்படிப்பு முடிந்துபோகும். உடன் பேசப்பட்ட இளைஞனின் இருக்கை மட்டும் வெறுமையாவதில்லை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் அலரின் அழகைப் பலவாறு பாடியுள்ளனர். இனி அந்த வெற்றிருக்கையையும் பாடுவார்களாக.