உள்ளே வெளியே

பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுகிறவர்களுக்கு ராத்தூக்கம் கெடுக்கிற சமாசாரம் எது? பிஸ்டன் அல்ல, வால்வும் அல்ல. விரல் தடிமன்கூட இல்லாத ஓர் எண்ணெய்க் குழாய். அது ஏமாற்றிவிட்டால், போகிற வேகத்திலேயே எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்புறம் ஓட்டுகிறவர் கதி?

இந்தக் குழாயை எஞ்சினுக்கு வெளியே கொண்டுபோவதா, உள்ளே புதைப்பதா? அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஹார்லி டேவிட்சன் கம்பெனி இந்த ஒரு கேள்வியோடு கால் நூற்றாண்டுக்கும் மேல் மல்லுக்கட்டியிருக்கிறது.

முதலில் பிரச்னையே இல்லை. எண்ணெய்க்கு ஒருவழிப் பயணம்தான். உள்ளே போகும், வேலை செய்யும், எரிந்தும் சொட்டியும் தீர்ந்துபோகும். ஏற்றம் வருகிறதா? கைப்பம்ப்பை இன்னொரு அமுக்கு.

1936. பொருளாதார மந்தம் முழுசாக விலகாத நேரம். ஹார்லி துணிந்து ஒரு புது எஞ்சினை இறக்கியது. 61 கன அங்குலம், அதாவது சுமார் 1000 சிசி. உச்சி மூடிகள் மடக்கிய விரல் முட்டிபோல இருந்ததால் பட்டப்பெயர் 'நக்கிள்ஹெட்'. எண்ணெய் தொட்டியிலிருந்து போய், தொட்டிக்கே திரும்பியது. உச்சியில் இருக்கும் வால்வு சாமான்களுக்கு எண்ணெய் ஏற வெளியே ஒரு குழாய்.

முதல் வருஷ வண்டிகள் படுத்தி எடுத்தன. ஓரிடத்தில் எண்ணெய் வழிந்தது, இன்னோரிடத்தில் போதவில்லை. கம்பெனி அசரவில்லை, திருத்திக்கொண்டே வந்தது. 1937 மார்ச்சில் ஜோ பெட்ராலி டேட்டோனா கடற்கரையில் மணிக்கு 136 மைல் வேகம் தொட்டது இந்த எஞ்சினில்தான்.

1948-ல் 'பேன்ஹெட்' வந்தது. அலுமினியத் தலை. குழாய் இப்போது காணோம்! சிலிண்டருக்குள்ளேயே துளை போட்டு எண்ணெயை ஏற்றினார்கள். பார்க்க அழகு. ஆனால் எண்ணெய் சூடான சிலிண்டர் வழியாக, இரண்டு கேஸ்கெட் இணைப்புகளைக் கடந்து போகணும். கேஸ்கெட்டின் ஓட்டை கொஞ்சம் விலகினாலும் வழி அடைபடும். வெளியே எதுவும் தெரியாது. உச்சியில் வைத்த ஹைட்ராலிக் டாப்பெட்டுகளுக்கோ எண்ணெய் கடைசியாகத்தான் போய்ச் சேரும். 1953-ல் அவற்றைக் கீழே இறக்கினார்கள்.

1963-ல் கம்பெனி கௌரவம் பார்க்காமல் குழாயை மறுபடி வெளியே எடுத்தது! 1984-ல் எவல்யூஷன் எஞ்சின் வந்தபோதுதான் எண்ணெய் திரும்ப உள்ளே போனது. அதுவும் சிலிண்டர் வழியாக அல்ல, உள்ளீடற்ற புஷ்ராடுகள் வழியாக.

இன்றைக்கு அந்த 1963 எஞ்சினைப் பூட்டுகிறவர் செய்யவேண்டியது இவ்வளவுதான். குழாயை மடிப்பு விழாமல் வளைக்கணும். சூடான சைலன்ஸர் குழாயில் உரசாமல் தள்ளி வைக்கணும். அதிர்வில் விரியாதபடி, இழுத்துக் கட்டாமல் பூட்டணும். உதைத்துக் கிளப்பும் முன், எண்ணெய் உச்சிவரை வந்துவிட்டதா என்று பார்க்கணும்.

காமர்ஸ் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குப்புத்தகம்தான் ஞாபகம் வரும். உள்ளே மறைந்திருக்கும் தப்பு திவாலாகும்போதுதான் தெரியும். வெளியே ஓடும் குழாய் ஒழுகினால் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். அழகு கொஞ்சம் குறைந்தால் என்ன? வண்டி வீடு வந்து சேரணும்!