சுமந்தவளின் சம்பளம்: வாடகைத் தாய்ச் சட்டம் விட்டுவிட்ட கணக்கு

சென்னைத் துறைமுக ஊழியர் ஒருவர் வாடகைத் தாய் வழியாகக் குழந்தை பெற்றார். அவர் கேட்ட விடுப்பை நிர்வாகம் மறுத்தது. தத்தெடுத்த தாய்க்கு உள்ள விடுப்பு இவருக்கும் உண்டு என்று 2013 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தீர்ப்பளித்தார். மனிதநேயமுள்ள தீர்ப்பு அது. ஆனால் பத்து மாதம் சுமந்த பெண்ணின் விடுப்பும் வருமானமும் என்னவாயின என்று கேட்க அந்த வழக்கில் இடமே இருக்கவில்லை. பின்னால் வந்த சட்டமும் அதைச் சரிவரக் கேட்கவில்லை என்பதே என் வாதம்.

2022 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்த வாடகைத் தாய் (ஒழுங்குமுறை) சட்டம், 2021 வணிகத்தை அடியோடு தடுக்கிறது. மீறினால் பத்தாண்டுவரை சிறை. இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. குஜராத்தின் ஆனந்த் நகரம் முதல் சென்னை வரை, ஏழைப் பெண்களை விடுதிகளில் தங்கவைத்துத் தரகர்கள் பணம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 2008இல் ஜப்பானியத் தம்பதி பிரிந்துவிட, அவர்களுக்காக வாடகைத் தாய் பெற்ற பச்சிளங்குழந்தை மஞ்சி நாடற்று நின்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

சட்டப்படி, சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குள், சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும்; வாழ்நாளில் ஒரே முறைதான். அவருக்கு மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் கிடைக்கும். சம்பள இழப்பைப் பற்றிச் சட்டத்தில் தெளிவான சொல் இல்லை.

பல்லாவரத்திலிருந்தோ பம்மலிலிருந்தோ தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதித் தொழில் வளாகத்துக்குத் தையல் வேலைக்குப் போகும் ஒரு பெண், அக்காவுக்காகக் கருவைச் சுமக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள் என்று லீவு போகும். வருகைக்கான போனஸ் வெட்டுப்படும். மாதம் ஏற ஏற மெஷின் முன்னால் உட்கார முடியாது. காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். வீட்டு வாடகையையும் மளிகைக் கடனையும் யார் கட்டுவது? இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது அநீதி.

பணம் கொடுத்தால் வணிகம் பின்வாசல் வழியாக வந்துவிடும் என்பார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. எனினும் 1985லேயே வணிக ஏற்பாட்டைத் தடைசெய்த பிரிட்டனில் நியாயமான செலவுகளுக்கு இடமுண்டு. இழந்த ஊதியமும் அதில் அடங்கும். நம் நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2017இல் ஊதிய இழப்பை ஈடுசெய்யும் முறையைத்தான் பரிந்துரைத்தது. சம்பளச் சீட்டை வைத்துக் கணக்கிட்டு, மாவட்ட அதிகாரியின் கண்முன் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும் தொகையில் பேரத்துக்கு வேலையில்லை. கூலிச் சீட்டு இல்லாதவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அளவாகக் கொள்ளலாம்.

பணத்தை விலக்கினால் நிர்ப்பந்தமும் விலகிவிடும் என்று நம்புவதற்கில்லை. மாமியாரும் கணவரும் சூழ்ந்திருக்கும் கூடத்தில் "என்னால் முடியாது" என்று சொல்வது ஒரு மருமகளுக்கு எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். கரு வைக்கப்படும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது சட்டம். அந்த உரிமைக்கு உயிர் வேண்டுமானால், உறவினர் யாரும் இல்லாத அறையில் அவளிடம் தனியாகப் பேசுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

2024 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய அரசு விடுப்பு விதிகள், சுமக்கும் பெண் அரசு ஊழியரானால் அவருக்கு 180 நாள் விடுப்பு தருகின்றன. மெப்ஸ் தொழிலாளிக்கு அந்த விதி பொருந்தாது. அவருக்காகச் சட்டத்தையே திருத்த வேண்டும் என்பதில்லை. மருத்துவச் செலவோடு 'விதிக்கப்படும் பிற செலவுகளையும்' அனுமதிக்கும் வாசகம் சட்டத்திலேயே இருக்கிறது. தானமாகப் பெறும் கருமுட்டை, விந்தணு பற்றிய விதியை 2024 பிப்ரவரியில் ஓர் அறிவிக்கையாலேயே மத்திய அரசு மாற்றியது. ஊதிய இழப்பையும் அதே வழியில் சேர்க்கலாம்.