கோட்லாவின் தூண்: படிக்கத் தெரியாமல் போன ஒரு கடிதம்

தில்லிக்குப் போகிற நம்மவர்களின் பட்டியலில் செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மூன்றும் கட்டாயம் இருக்கும். ஃபிரோஸ் ஷா கோட்லா என்றால் பலருக்கும் கிரிக்கெட் மைதானம்தான் ஞாபகம் வரும். அந்த மைதானத்தை ஒட்டியே, 14-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய கோட்டை இடிந்து கிடக்கிறது. உள்ளே அடுக்கடுக்காக எழும் ஒரு கட்டடம். அதன் உச்சியில் சுமார் 13 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் தூண். தூண் அசோகருடையது. கோட்டையைவிட ஏறக்குறைய 1600 ஆண்டுகள் மூத்தது.

அப்புறம் எப்படி இங்கே வந்தது? இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ரா என்ற ஊரில் நின்ற இதைப் பார்த்து சுல்தான் அசந்துபோனார். ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் என்ற வரலாற்றாசிரியர் விவரமாக எழுதியிருக்கிறார். தூண் சாயும்போது அடிபடாமலிருக்க இலவம்பஞ்சைக் குவித்தார்கள். நாணலும் பதப்படுத்தாத தோலும் சுற்றி, 42 சக்கர வண்டியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வடம், ஒவ்வொரு வடத்துக்கும் 200 பேர். அதாவது 8400 ஆட்கள்! பிறகு யமுனையில் படகு வழியாகத் தில்லி.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்தவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டாமா? பண்டிதர்களை வரவழைத்தார். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. சிலர் மட்டும், "ஃபிரோஸ் என்றொரு சுல்தான் வரும்வரை இந்தத் தூணை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதியிருக்கிறது" என்று சொன்னார்களாம். பிழைக்கத் தெரிந்தவர்கள்!

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தத் தூணில் மட்டுமே காணப்படும் ஏழாம் சாசனத்தில், இந்த வாசகம் நெடுங்காலம் நிலைக்க வேண்டும், ஆகவே கல்தூணும் கற்பலகையும் இருக்கும் இடங்களில் இதைப் பொறியுங்கள் என்கிறார் அசோகர். கல் நிலைத்தது. எழுத்தும் அழியவில்லை. படிக்கும் வழக்கம்தான் அறுந்துபோனது. பழைய ஃபைல் பத்திரமாக இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருள் இல்லாத நிலைமை. 1164-ல் சௌகான் அரசர் நான்காம் விக்ரஹராஜர் தன் வெற்றிப் புகழை இதே தூணில் சமஸ்கிருதத்தில் வெட்டிவைத்தார். ஒரே கல்லில் இரண்டு அரசர்களின் செய்தி. ஒன்று மட்டும் ஊமை.

அந்த ஊமைத்தனம் 1837-ல் தீர்ந்தது. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் குட்டிக் கல்வெட்டுகள் பலவும் ஒரே மாதிரி முடிவதைக் கவனித்தார். காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களாக இருந்தால், கடைசிச் சொல் 'தானம்' ஆகத்தானே இருக்க வேண்டும்? அந்தத் துப்பிலிருந்து மற்ற எழுத்துகள் அவிழ்ந்தன. அதே ஆண்டில் இந்தத் தில்லித் தூணையும் வாசித்தார். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரங்கள், மாந்தோப்புகள், கிணறுகள், சத்திரங்கள் என்று போகிறது செய்தி.

ஆனால் வாசகத்தில் 'அசோகர்' என்ற பெயரே இல்லை; 'தேவானாம்பிய பியதசி' மட்டும்தான். அது யார் என்ற விடை இலங்கையிலிருந்து வந்தது. அங்கே அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர், பாலி மொழி நூலான தீபவம்சத்தைக் கொண்டு பியதசி என்பவர் அசோகரே என்று காட்டினார்.

நமக்கும் இதில் பங்குண்டு. மதுரைப் பக்கத்துக் குகைகளில் இருப்பது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் காட்ட முடிந்ததற்கு, பிராமி எழுத்து ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

போவதென்றால் வியாழக்கிழமை போங்கள். தூணின் அடியிலுள்ள இருட்டு அறைகளில் மக்கள் விளக்கேற்றி, இங்கே வாழ்வதாக நம்பும் ஜின்களுக்கு மனு எழுதி வைப்பார்கள். நோய், கடன், கல்யாணம், கோர்ட்டு வழக்கு என்று அவரவர் கஷ்டம். அண்ணாந்து பார்த்தால், குடிமக்களுக்கு ஓர் அரசர் எழுதியது. அதையும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.