வாண வேடிக்கையும் கண்ணொளியும்

கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வகுத்தார்கள் தமிழ் இலக்கண ஆசிரியர்கள். அந்த நேரத்திற்குள் ஒரு பொருள் பாய்ந்து வருமாயின், இமையால் விழியைக் காக்க இயலாது. வெடித்த பட்டாசின் சிதறல் அத்தகையது. சித்தூர், திருப்பதி முதலிய ஊர்களில் தீபாவளியன்று கண்ணில் காயம் நேரும்போது, இமை தோற்பது இவ்வாறுதான். இத்தீங்கு நம் இல்லங்களுக்குள் புகுந்த வரலாறு அறியத்தக்கது.

1443-ஆம் ஆண்டில் விஜயநகரத்திற்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாண வேடிக்கைகளை வியந்து எழுதியிருக்கிறார். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின், அவ்வரசின் தலைநகர் பெனுகொண்டாவுக்கும், பின்னர் திருப்பதியை அடுத்த சந்திரகிரிக்கும் மாறியது. அரச விழாக்களில் வாணம் விடுதல் தொழிலறிந்தோர் கடமை; மக்கள் எட்ட நின்று கண்டு களிப்பர். அந்த இடைவெளியே அவர்களுடைய கண்களுக்குக் காவலாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அத்தொழிலைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் அவ்வூரில் வேரூன்றியது. விலை குறைந்தது, வாணம் வீதிக்கு வந்தது, சிறுவர் கையிலும் ஏறியது. காவலாக நின்ற இடைவெளி ஒரு முழமாகச் சுருங்கியது.

சட்டம் ஓரளவு துணை செய்தது. குளோரேட் உப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்வினாலேயே வெடிக்கக்கூடியது; அதனை அரசு 1992-இல் தடை செய்தது. ஆயினும் எரியும் திரியருகே குனிந்து நோக்கும் முகத்தைச் சட்டம் தடுக்க இயலுமா?

வெடியின் அதிர்ச்சியால் கண்ணினுள் குருதி கசியலாம். கண்ணாடி போன்ற கருவிழிப் படலம் வெந்து மங்கலாம். விழித்திரை விலகவும் கூடும். காயமுறுவோருள் கொளுத்தியவர் மட்டுமல்லர், வேடிக்கை பார்க்க நின்றவரும் பலர் என்பது எண்ணத்தக்கது. அன்பின் மிகுதியால் கண்ணைப் பெயர்த்தளித்த கண்ணப்பர் கதை வழங்கும் திருக்காளத்தி, திருப்பதிக்கு அண்மையிலேயே உள்ளது. அவர் விரும்பிக் கொடுத்தார். பிறர் கவனக்குறைவால் நம் குழந்தைகள் கண்ணை இழப்பது முறையன்று.

சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அம்மாநிலத்தின் பெரிய கண் மருத்துவமனை, 1819-இல் தொடங்கப்பெற்று எழும்பூரில் விளங்குவது. திருப்பதியிலேயே 1960-இல் மருத்துவக் கல்லூரி தோன்றியது. ஆதலின் இன்று மருத்துவம் தொலைவில் இல்லை; காலந்தாழ்த்துவதே கேடு.

காயம்பட்ட கண்ணைக் கசக்கலாகாது, அழுத்திக் கட்டலாகாது, விளக்கெண்ணெயோ தாய்ப்பாலோ விடலாகாது. மருந்துத்தூள் மட்டும் விழுந்திருப்பின் தூய நீரால் கழுவலாம். ஏதேனும் தைத்திருந்தால் அதனைப் பிடுங்காமல், கண்ணில் படாதவாறு சிறு கிண்ணத்தால் மூடி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெடியாத வெடியை மீண்டும் அணுகாதீர்கள். நீண்ட வத்தியால் கொளுத்தி விலகுங்கள். குழந்தைகளை எட்ட நிறுத்துங்கள். விஜயநகரத்து மக்கள் எட்ட நின்றே மகிழ்ந்தார்கள். அம்மகிழ்ச்சி நமக்கும் போதுமானதே.