மேசைமேல் ரேணிகுண்டா: ஒரு சிறு தடவரைபடமும் இரு பாதைகளின் வரலாறும்

1891-ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்வுகள் நடந்தன. ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மெர்க்லின் நிறுவனம், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயிலையும், துண்டு துண்டாக இணைத்து நீட்டிக்கொள்ளத்தக்க தண்டவாளங்களையும் எட்டு வடிவில் அமைத்துக் காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் பாதை காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைந்து கூடூர் நோக்கி நீண்டது. முதல் நிகழ்விலிருந்து வளர்ந்த ஒரு கலை, அதாவது சிறிய பரப்பில் மாதிரி ரயிலுக்குத் தடம் வரையும் கலை, இரண்டாம் நிகழ்வைப் புரிந்துகொள்ளவும் உதவக்கூடும்.

தொடக்ககால மாதிரித் தடங்கள் வட்டமாகவோ எட்டாகவோ இருந்தன. வண்டி புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது. எதையும் ஏற்றவில்லை, எதையும் இறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறியது. அமெரிக்கரான ஜான் ஆம்ஸ்ட்ராங் 1963-இல் வெளியிட்ட தடவரைவு நூல், அழகான வளைவுகளைக் காட்டிலும் உண்மையான ரயில் இயக்கத்தையே வரைவின் அடிப்படையாகக் கொண்டது. இந்த ரயில் எதை, எங்கிருந்து, எவருக்காகக் கொண்டு செல்கிறது என்ற கேள்வி முதலில் வந்தது. தடத்தின் வடிவம் அதற்கு விடையாக அமைந்தது.

இங்கிலாந்தின் ஆலன் ரைட் அமைத்த 'இங்கிள்நூக்' வரைவு இதற்குச் சிறந்த சான்று. அதில் மூன்று பக்கத்தடங்களே உண்டு. ஒன்றில் ஐந்து சரக்குப் பெட்டிகளும், மற்ற இரண்டில் மும்மூன்றும் நிற்கலாம். எட்டுப் பெட்டிகளிலிருந்து ஐந்தைக் குறித்த வரிசையில் கோக்க வேண்டும் என்பதே ஆட்டம். அவ்வரிசைகள் 6,720 வகைப்படும். ஓர் அலமாரிப் பலகையின் அளவே உள்ள தடத்தில் இத்தனை வேலை பிறப்பதற்குக் காரணம், இடம் போதாமையே. ஷண்டிங் என்னும் தொழிலின் சாரம் அந்தப் போதாமையில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த முறையைச் சித்தூர்–திருப்பதி வட்டாரத்திற்குப் பொருத்தினால், எந்த நிலையத்தை வரைவது என்பது வரலாற்றுக் கேள்வியாகிவிடுகிறது. விஜயபுரத்திற்கு அருகே நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் வழியாகச் செல்வது பழைய மதராஸ் ரயில்வேயின் வடமேற்குத் தடம். அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டா, கடப்பை வழியாகச் சென்ற இத்தடம் 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. இது டல்ஹௌசி காலத்தில் தேர்ந்த 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. 1870-இல் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்கும் பொருட்டு 1,000 மில்லிமீட்டர் பாதையை ஏற்றது. திருப்பதிக்கு 1891-இல் வந்தது இந்த இரண்டாம் வகை. இரண்டும் காட்பாடியிலும் ரேணிகுண்டாவிலும் சந்தித்தன. பாகாலாவிலோ தர்மாவரம் செல்லும் மீட்டர் பாதை பிரிந்தது. அங்கே இரு தடங்களும் ஒரே அகலம் உடையவை.

பாகாலாவை வரைபவர், பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் நிலையம் ஒன்றை வரைகிறார். ரேணிகுண்டாவை வரைபவர், பெட்டிகள் கடக்க இயலாத ஓர் எல்லையை வரைகிறார்.

கடைகளில் கிடைக்கும் தண்டவாளங்களைக் கொண்டே இவ்வெல்லையைக் காட்ட முடியும். 1:100 என்னும் அளவில் அகலப்பாதை 16.76 மில்லிமீட்டர், மீட்டர் பாதை 10 மில்லிமீட்டர். பரவலாக விற்கப்படும் 16.5 மில்லிமீட்டர் தடம் முதலதற்கு மிக நெருக்கம். 9 மில்லிமீட்டர் தடம் இரண்டாவதற்கு ஓரளவு பொருந்தும். ஆயினும் ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி வரையுள்ள ஏறத்தாழ 10 கிலோமீட்டர், இந்த அளவில் 100 மீட்டராகும். எனவே ஊர்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கைவிட்டு, நிலையத்தின் ஒரு கூற்றை மட்டுமே எடுக்க வேண்டும்.

240 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகை இதற்குப் போதும். சென்னைப் பெரம்பூரில் கட்டப்பட்ட ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டி இவ்வளவில் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் நீளம். நான்கு பெட்டிகளும் ஓர் எஞ்சினும் நிற்க ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட லூப் லைன் வேண்டும். அதன் இரு முனைகளிலும் பாயிண்டுகளுக்கு இடம் விட வேண்டும். முன்புறம் அகலப்பாதையும் ஒரு லூப் லைனும், பின்புறம் மீட்டர் பாதையும் ஒரு சரக்குத் தடமும், நடுவே இருபுறமும் பயன்படும் ஒரு மேடை. பலகையின் இரு ஓரங்களிலும் திரைக்குப் பின்னே வண்டிகள் காத்திருக்கும் மறைவிடம். அரக்கோணம், கடப்பை, திருப்பதி, கூடூர் எல்லாம் அங்கே அடங்கும். ரேணிகுண்டாவின் முழு யார்டையும் காட்டுவது இவ்வரைவின் நோக்கமன்று.

புதிதாக வரைபவர் இரு தடங்களுக்கும் இடையே ஒரு பாயிண்ட் வைத்து இணைத்துவிட விரும்புவார். பார்வைக்கு அது நிறைவாகத் தோன்றும். வரலாற்றுக்கோ அது முரண். மீட்டர் பாதையின் சரக்குப் பெட்டி அகலப்பாதையில் ஏறாது. பாதை அகலம் மாறும் இடங்களில் மூட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து இறக்கி மறு பெட்டியில் ஏற்றினர். பயணிகள் சுமைகளோடு வண்டி மாறினர். தடம் அமைக்கும்போது மிச்சப்படுத்திய செலவில் ஒரு பங்கு, பின்னர் இவ்விடங்களில் கூலியாகவும் காலதாமதமாகவும் திரும்பச் செலுத்தப்பட்டது. அதைச் சுமந்தோர் பெரும்பாலும் பெயர் பதிவாகாத தொழிலாளர்கள். ஆகவே இவ்வரைபடத்தில் மிகுதியும் பொருள் உடைய பகுதி, தடமே இல்லாத அந்த நடுமேடைதான். 1:100 அளவில் மனித உருவம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அவ்வுருவங்கள் இல்லையெனில் இந்த நிலையம் இயங்காது.

1992-இல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டத்தின் தொடர்ச்சியாகக் காட்பாடி–திருப்பதி, பாகாலா–தர்மாவரம் தடங்கள் அகலப்பாதையாயின. வண்டி மாறாத நேரடிப் பயணம் மக்களுக்குக் கிடைத்தது. அது பெரும் நன்மை. ஆனால் இன்றைய வரைபடத்தைப் பார்க்கும் மாணவருக்கு இத்தடங்கள் தொடக்கம் முதலே ஒன்றாக இருந்தவை போலத் தோன்றும். வட்டாரத்தின் வணிகமும் யாத்திரையும் உழைப்பும் எங்கே தடைப்பட்டு நின்றன என்பது அதில் தெரியாது. ஒரு பலகையில் அத்தடையை மீண்டும் வரைய முற்படுபவர், எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வோர் அங்குலத்திலும் முடிவு செய்தாக வேண்டும். ரயில்வே வரலாற்றை எழுதுபவர் எதிர்கொள்வதும் அதே முடிவுகளைத்தான்.