தோள் நரம்பும் உறக்க மருந்தும்

கரும்பலகையில் முப்பது ஆண்டுகள் எழுதிய என் வலக்கை ஒருநாள் தலைக்கு மேல் எழ மறுத்துவிட்டது. தோளில் கிழிந்த தசைநாணைத் தைப்பதற்குமுன் கழுத்தோரத்தில் ஊசி போட்டுக் கை முழுவதையும் மரத்துப்போகச் செய்தனர். அறுவை நடந்ததை நான் அறியேன். ஆனால் நள்ளிரவுக்குப்பின் மரப்பு நீங்கியபோது வந்த வலியை நன்றாகவே அறிந்தேன். "மருந்தோடு இன்னொன்றைக் கலந்திருந்தால் விடியும்வரை தாங்கியிருக்கும், உங்கள் நாடி இயல்பாகவே மெதுவாக ஓடுகிறது, அதனால் கலக்கவில்லை, ஐயா" என்றார் மறுநாள் மருத்துவர். அந்த 'இன்னொன்று' யாது எனத் தேடப் புகுந்தேன், அத்தேடலே இக்கட்டுரையாயிற்று.

வரலாறு 1884 ஆம் ஆண்டு வியன்னா நகரில் தொடங்குகின்றது. அங்குப் பொது மருத்துவமனையில் கார்ல் கோலர் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். அவர்தம் தோழர் சிக்மண்ட் பிராய்டு, பின்னாளில் உளப்பகுப்பாய்வினால் உலகப்புகழ் பெற்ற அவரே, கோக்கா இலையினின்று எடுக்கும் கோக்கேயினை அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நாவை மரக்கச் செய்வதைக் கண்ட கோலர், கண்ணையும் மரக்கச் செய்யுமன்றோ என எண்ணினார். தவளையின் கண்ணில் சோதித்தார். பின்னர்த் தம் கண்ணிலும் சோதித்தார். ஹைடல்பர்க் மாநாட்டுக்குச் செல்லக் கையில் பொருளில்லாமையால், செப்டம்பர் 15 ஆம் நாள் அவருடைய கட்டுரையை வேறொரு மருத்துவர் படித்தார். வறுமை கண்டுபிடிப்பைத் தடுக்கவில்லை; கண்டுபிடித்தவரைத்தான் மேடையேறாமல் தடுத்தது.

செய்தி சில வாரங்களில் நியூயார்க்கை எட்டியது. வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்டு ஹால் ஆகிய இருவரும் மருந்தை நரம்பின் அருகிலேயே செலுத்தி, அந்நரம்பு ஆளும் பகுதி முழுவதையும் மரக்கச் செய்யலாம் எனக் காட்டினர். தங்கள் உடலையே சோதனைக்களமாக்கியதால் இருவரும் அம்மருந்துக்கு அடிமையாயினர். ஹால்ஸ்டெட்டைக் கோக்கேயினிலிருந்து மீட்க முயன்றபோது மார்பின் பற்றிக்கொண்டது. அறுவை அறைக்கு ரப்பர்க் கையுறையைக் கொணர்ந்தவரும் இதே ஹால்ஸ்டெட்தான். பால்மரத்தில் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதனை நான் சொல்லத் தவறுவதில்லை.

கோக்கேயினைக் குருதி விரைவில் அடித்துச் சென்றுவிடும். மரப்பும் உடனே கலைந்துவிடும். கையைக் கயிற்றால் இறுகக் கட்டினால் மரப்பு நீடிப்பதை லியோனார்டு கார்னிங் 1885 இல் கண்டார். அக்கட்டின் வேலையை மருந்தே செய்தாலென்ன? 1903 இல் ஜெர்மானியர் ஹைன்ரிக் பிரவுன், குருதிக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினை மரப்பு மருந்துடன் கலந்தார். ஒன்றை நீடிக்கச் செய்ய இன்னொன்றைச் சேர்க்கும் முறைக்கு இதனையே மூலம் எனலாம்.

தோளுக்குரிய வழி பின்னரே தெளிவாயிற்று. 1911 இல் குலன்காம்ப் காறை எலும்பின் மேலே தம் உடலிலேயே ஊசி செலுத்திப் பார்த்தார். 1970 இல் ஆலன் வின்னி, கழுத்துத் தசைகள் இரண்டின் இடைவெளி வழியே நரம்புக்கற்றையை அடையும் முறையை வகுத்தார். தோளுக்கு ஏற்ற முறை இதுவே. ஆயினும் அதற்கும் ஒரு விலையுண்டு. வழக்கமான அளவு மருந்து செலுத்தினால் அப்பக்கத்து உதரவிதானமும் செயலிழக்கும் என 1991 இல் அறியப்பட்டது. பாதி மூச்சோடு இருப்பவருக்கு, மூச்சை அடக்கும் உறக்க மருந்தைத் துணிந்து கொடுக்க முடியுமா?

இங்கேதான் வேறொரு மருந்தினம் நுழைகின்றது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மூக்கடைப்புக்கெனச் செய்யப்பட்ட குளோனிடின், உறக்கத்தைத் தந்தது, குருதியழுத்தத்தையும் தாழ்த்தியது. அதன் இனத்தைச் சேர்ந்ததும் பின்லாந்தில் உருவானதுமான டெக்ஸ்மெடிடோமிடின், தீவிர சிகிச்சைப் பிரிவில் உறக்கத்துக்காக 1999 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூச்சை மிகுதியாக அடக்காமை அதன் சிறப்பு. நரம்பருகே கலப்பது அந்த அனுமதியில் அடங்காது. மருத்துவர்கள் தம் பொறுப்பில் கலந்தனர். தோள் மரப்பு சில மணிநேரம் கூடியது. ஆனால் நாடி மெதுவாகும், குருதியழுத்தம் தாழும். தோள் அறுவையிலோ நோயாளியைப் பெரும்பாலும் நிமிர்த்திச் சாய்த்து அமர்த்துவர். இதயத்தைவிட உயரத்தில் இருக்கும் மூளைக்குக் குருதி ஏறவேண்டுமே!

ஓர் ஐயம் எஞ்சியது. வலி தெரியாமைக்குக் காரணம் நரம்பா, அன்றி உறக்கமா? விடை தேடியதும் வியன்னாவே. 2013 இல் வெளியான ஆய்வில் உடல்நலமுள்ள 36 பேரின் முன்கை நரம்பு ஒன்றை மரக்கச் செய்தனர். சிலருக்கு மரப்பு மருந்து மட்டும்; சிலருக்கு டெக்ஸ்மெடிடோமிடினை நரம்பருகே கலந்து; சிலருக்கு அதனைக் குருதியில் செலுத்தி. குருதியில் செலுத்தியபோது மரப்பு சிறிதே நீண்டது. நரம்பருகே கலந்தபோதோ வெகுவாக நீண்டது. ஆகவே அம்மருந்து நரம்பிலேயே வேலை செய்கின்றது. உறக்கம் அதனோடு ஒட்டி வருவது.

என் மருத்துவர் கலக்காமல் விட்டதில் இன்று எனக்குக் குறையேதுமில்லை. அன்றிரவு இருந்தது.